யாரோடு சாப்பிட்டாய்?

பள்ளிகளுக்கு மனநல ஆலோசகராகப் போகும் நாட்களில் மதிய உணவு வேளையைத் தவறவிட மாட்டேன். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு யார் துணை என்பது தட்டு கைக்கு வந்த பிறகுதான் தெரியும்.

சென்ற ஆண்டு ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் குழாயடிக்குப் பின்னால் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முப்பது பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியிலிருந்து வந்தவன். வாரத்தில் இரண்டு நாள் வயிற்றுவலி என்று விடுப்பு. மூன்றாவது சந்திப்பில்தான் வாய் திறந்தான்.

"எந்த ஊர் என்று கேட்டார்கள் சார், சொன்னேன். உடனே, எந்தத் தெரு என்றார்கள்."

அந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, உதவித்தொகைப் படிவம் கொடுக்க வந்த ஆசிரியர், சாதிப் பிரிவின் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறார். கடைசித் தேதி நெருங்கிய அவசரம் அவருக்கு. எழுந்து நின்ற பிள்ளைக்கோ அன்று முதல் வயிற்றுவலி.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அவர் பள்ளிக்கு வராமல் இருந்ததும், சாதியின் பெயரால் நடந்த தொல்லையைப் பற்றிப் பள்ளியில் சொன்னதும் அதற்கு முன்பே நடந்தவை. பிள்ளை வாய்விட்டுச் சொன்ன பிறகு அவனைப் பாதுகாப்பது யார் பொறுப்பு என்பதைப் பள்ளிகள் முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும். சொன்னவன் பெயர் வெளியே கசியவே கூடாது.

அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கயிறு பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. எனக்கு முக்கியமாகப் பட்ட பரிந்துரைகள் வேறு: அகர வரிசையில் இருக்கைகள், சாதி விவரம் இல்லாத வருகைப் பதிவேடு, உதவித்தொகைச் செய்தியைத் தனியே அழைத்துச் சொல்வது. மூன்றுக்கும் காசு தேவையில்லை.

அந்தச் சிறுவனின் வகுப்பாசிரியை இருக்கைகளைப் பெயர் வரிசைக்கு மாற்றினார். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை இருவர் இருவராகப் பிரித்துக் கொடுத்தார். அறிவுரைக் கூட்டம் எதுவும் போடவில்லை. அதற்காகவே அவரைப் பாராட்டுகிறேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது அவன் தாழ்வாரத்தில் நான்கு பேரோடு உட்கார்ந்து, பக்கத்திலிருந்தவனுக்கு முட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

பெற்றோர்களே, மாலையில் பிள்ளை வந்ததும் "யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். பல நாள் ஒரே மௌனம் என்றால் வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள். பள்ளியில் காது கொடுக்கவில்லையென்றால் 14417 பள்ளிக் கல்வித்துறை உதவி எண். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். பிள்ளைகளே நேரடியாகவும் அழைக்கலாம்.