முக்திநாத் பயணம்: செலவைக் குறைக்கிறேன் என்று நாளைக் குறைக்காதீர்கள்

"தலைக்கு எவ்வளவு ஆகும்? எத்தனை நாள்?" நேபாளத்து முக்திநாத் கோயிலுக்குப் போக வேண்டும் என்று, யாத்திரைக் குழுக்களை அழைத்துப் போகும் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. தொகையைச் சொன்னதும் அடுத்த கேள்வி, "ரெண்டு நாள் குறைச்சா எவ்வளவு குறையும்?"

குறையும்தான். ஆனால் அந்த இரண்டு நாட்களில்தான் உடம்பு மலைக்குப் பழகுகிறது.

மலையேறத் தொடங்கும் நேபாள நகரமான போக்கரா சுமார் 820 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று நம்மவர்கள் தேடிப் போகும் முக்திநாத், 3,700 மீட்டருக்கும் மேலே. "ஊட்டிக்கெல்லாம் போயிருக்கோமே" என்பார்கள். தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். முக்திநாத்துக்குக் கீழே, விமானம் இறங்கும் ஜோம்சோம் அதைவிட உயரம். கோயில் வாசலில், மூச்சுக்கு மூச்சு கடற்கரையில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். அந்த நிலையில்தான் நம் பெரியவர்கள் படியேறி, பனிபோல் குளிர்ந்து கொட்டும் 108 நீர்த்தாரைகளில் நனைகிறார்கள்.

தொடக்க காலத்தில் நானும் ஒரு குழுவை போக்கராவிலிருந்து ஜீப்பில் ஒரே மூச்சில் மேலே கொண்டுபோய், அங்கேயே இரவு தங்க வைத்தேன். அறுபது கடந்த ஓர் அம்மாவுக்கு மாலையிலிருந்தே தலைவலி. தன்னால் மற்றவர்களின் தரிசனம் கெட்டுவிடுமே என்று யாரிடமும் சொல்லவில்லை. நள்ளிரவில் வாந்தி, நடக்கும்போது தள்ளாட்டம். இருட்டிலேயே கீழே இறக்கினோம். இறங்க இறங்கத் தெளிந்தார். அன்று நான் போட்ட திட்டம் தவறு. அதை இன்றுவரை மறக்கவில்லை.

இப்போது ஜோம்சோமிலோ பக்கத்து மார்ஃபாவிலோ இரண்டு இரவு தங்கவைக்கிறேன். காலையில் ஜீப்பில் மேலே போய், தரிசனம் முடித்து, அன்றே இறங்கிவிடுவோம். தலைவலியோடு யாரும் மேலே ஏறக் கூடாது. உயரத்தால் வரும் உடல்நலக் கோளாறைத் தடுக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரையை உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் போடாதீர்கள், குறிப்பாக சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள்.

கையில் இன்னொரு நாள் உபரியாக வேண்டும். ஜோம்சோம் இருக்கும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலுக்கு மேல் காற்று பலமாக வீசும் என்பதால் போக்கரா–ஜோம்சோம் சிறு விமானங்கள் காலையில்தான் பறக்கும். மேகம் மூடினால் அதுவும் இல்லை. திரும்பும் டெல்லி விமானத்தை மறுநாளுக்கே பதிவு செய்தவர்கள் புது டிக்கெட்டுக்குக் கொடுக்கும் பணம், ஒரு நாள் அறை வாடகையைவிடப் பல மடங்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மண்சரிவு வேறு. அந்த மாதங்களுக்கு நான் யாரையும் சேர்ப்பதில்லை.

விசா வேண்டாம். ஆனால் விமானத்தில் போகிறவர்களுக்கு ஆதார் போதாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். 15 வயதுக்குக் கீழும் 65-க்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. அறுபது வயதில் ஆதாரோடு விமான நிலையம் வந்து நிற்பவர்களை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன்.

நம் 100 ரூபாய்க்கு நேபாள ரூபாய் 160. பெரிய நோட்டுகளுக்கு 2018-இல் நேபாளம் தடை போட்டது. அதன் பிறகும் விதிகள் மாறி வருவதால் 100 ரூபாய்க் கட்டுகளாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னலை நம்பி யுபிஐ மட்டும் வைத்துக்கொண்டு போக வேண்டாம். அன்னபூர்ணா பகுதி அனுமதிக் கட்டணம், விடுதியில் வெந்நீர் போன்றவை தொகையில் அடக்கமா என்று முன்பே கேளுங்கள்.

காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டரில் இறக்கினால் பணம் தருவார்களா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். ஊரில் வைத்திருக்கும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் எல்லை தாண்டினால் செல்லாது.

என் விலைப்பட்டியலில் அந்தக் கூடுதல் நாட்களின் அறைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் தொகையைத் தனி வரியாகவே எழுதித் தருகிறேன். அதை அடித்துவிடச் சொல்பவர்களிடம், லீவு கூடுதலாகக் கிடைக்கும் மாதத்தில் போகலாம் என்று சொல்லிவிடுகிறேன்.