மெனோபாஸ்: நிறுத்தமா, நிக்கறதா, விடாயாத்தியா?

எங்க சித்தி ஆம்பூர்லேர்ந்து பெங்களூர் அல்சூருக்கு மகன் வீட்டோட வந்து ஆறு மாசம்தான் ஆகுது, கன்னடம் இன்னும் "பேக்கு", "பேடா" தாண்டல. ராத்திரியில திடீர்னு எழுந்து உக்காந்துக்கறாங்க, நெஞ்சுலேர்ந்து மொகம் வரைக்கும் குப்புன்னு சூடு ஏறுது, வேர்த்து ஊத்துது, அஞ்சு நிமிஷத்துல குளுருதுன்னு சொன்னதால போன மாசம் பக்கத்துல ஒரு லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டு போனேன். டாக்டர் கன்னடக்காரங்க, எழுதிக்கிட்டே தலைய தூக்காம "முட்டு நிந்திதியா அம்மா?"ன்னு கேட்டாங்க. சித்தி உடனே, "மூட்டு எங்க டாக்டர் நிக்குது, மாடி ஏறினா உயிரே போகுது, இந்த பக்கம் டக்கு டக்குன்னு சத்தம் வேற"ன்னு முட்டிய தடவி காட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

கன்னடத்துல தொடறதும் முட்டுதான், மாசாமாசம் வர்றதும் முட்டுதான். நம்ம தீண்டல், தீட்டு மாதிரின்னு வெச்சுக்கங்க. டாக்டர் கேட்டது "பீரியட்ஸ் நின்னுடுச்சா"ன்னு. நான் மொழிபெயர்த்ததும் சித்தி சேலைத் தலைப்பால வாய பொத்திக்கிட்டு சிரிச்சு, "அது நின்னு பதினாலு மாசம் ஆச்சு"ன்னாங்க. டாக்டரும் சிரிச்சுட்டு ரெண்டையும் எழுதிக்கிட்டாங்க, ஏன்னா ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் குறையற இந்த வயசுல மூட்டு வலியும் நெறைய பேருக்கு சேர்ந்தேதான் வருது, அதனால சித்தி சொன்ன பதில் கேள்விக்கு பொருந்தலன்னாலும் வியாதிக்கு பொருந்திடுச்சு.

அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் சித்தி கேட்டாங்க, "அந்தம்மா மெனோபாஸ் மெனோபாஸ்னு சொன்னாங்களே, அதுக்கு தமிழ்ல என்ன கண்ணு?" நான் பட்டுனு "மாதவிடாய் நிறுத்தம்"னு சொல்லிட்டேன். "யாரு நிறுத்தினது?"ன்னு கேட்டாங்க பாருங்க, அங்கதான் நான் மாட்டிக்கிட்டேன்.

மொதல்ல மெனோபாஸ் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பார்த்துடுவோம், அது சின்ன கதைதான். கிரேக்கத்துல மென் அப்படின்னா மாசம், பாசிஸ்னா நின்னுபோறது, ஓயறது. ரெண்டையும் ஒட்ட வெச்சது கிரேக்கர்கள் இல்ல, ஷார்ல் த கார்தான்னு ஒரு ஃப்ரெஞ்சு டாக்டர். 1821-ல வந்த அவரோட புத்தகத் தலைப்புலயே மெனோபாஸ்ங்கற சொல் இருக்கு. இருநூறு வருஷ சரக்குதான். அதுக்கு முன்னாடி பொம்பளைங்களுக்கு இது நடக்கலயா என்ன, நடந்துச்சு, டாக்டருங்க வாயில இந்தப் பேரு வரல அவ்ளோதான்.

நம்ம பக்கம் பாருங்க. வயசுக்கு வர்றதுக்கு பூப்பு, பூப்பெய்தல், ருதுவாறது, பெரியமனுஷி ஆறது, சடங்காறதுன்னு ஊருக்கு ஒரு பேரு, மேளம் போட்டு பத்திரிகை அடிச்சு சொல்லுவோம். பூப்புங்கற சொல் தொல்காப்பியத்துலயே இருக்கு. பொண்ணுங்க வயச ஏழா பிரிச்சு பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண்ணுன்னு பேரு வெச்சாங்க இல்லயா, அந்தக் கடைசி பேரிளம்பெண் 32-லேர்ந்து 40 வயசு வரைக்கும்தான். 40-க்கு மேல லிஸ்ட்டே இல்ல! உலா வர்றவர பார்க்க மாடத்துல நிக்கற பொண்ணுங்க கணக்குக்காக போட்டது அதுன்னு தெரியும், இருந்தாலும் 48 வயசுல உக்காந்துக்கிட்டு இத படிக்கறப்ப கொஞ்சம் கடுப்பாத்தான் இருக்கு.

ஆனா பேச்சுல சொல் இல்லாம இல்ல. "தூரம் நின்னுபோச்சு", "இப்பல்லாம் வர்றதில்ல", "எனக்கு நின்னாச்சு"ன்னு எங்க பாட்டி காலத்துலேர்ந்து சொல்றதுதான். கவனிச்சீங்கன்னா எல்லாத்துலயும் அது தானா நிக்குது. யாரும் நிறுத்தல. இலக்கணத்துல தன்வினை பிறவினைன்னு ஸ்கூல்ல படிச்சோமே, நில்லுன்னா தன்வினை, நிறுத்துன்னா பிறவினை. வேலைநிறுத்தம், போர்நிறுத்தம், எல்லாத்துலயும் நிறுத்தறதுக்கு ஒரு ஆள் உண்டு. மாதவிடாய் நிறுத்தம்னு சொன்னா யாரோ பிரேக் போட்ட மாதிரி இருக்கு, சித்தி கேட்ட கேள்வி கரெக்ட்டான கேள்வி.

நிஜமாவே "நிறுத்தம்"னு சொல்ல வேண்டிய கேஸும் இருக்கு, அது ஆபரேஷன். நம்ம நாட்டுல கர்ப்பப்பை எடுக்கறது கொஞ்ச நஞ்சம் இல்ல, 2019-21 தேசிய குடும்ப நல சர்வேல 15-லேர்ந்து 49 வயசு பொம்பளைங்கள்ல நூத்துக்கு மூணு பேருக்கு மேல எடுத்திருக்காங்க. இதுல ஒரு குழப்பம் உண்டு. கர்ப்பப்பைய மட்டும் எடுத்துட்டு சினைப்பைய விட்டு வெச்சா ரத்தம் வர்றது நின்னுடும், ஆனா ஹார்மோன் பாட்டுக்கு சுரந்துட்டுதான் இருக்கும், அதனால வேர்த்து ஊத்தறதெல்லாம் அப்பவே வரணும்னு இல்ல. ரெண்டு சினைப்பையும் சேர்த்து எடுத்துட்டா மறுநாள்லேர்ந்தே மெனோபாஸ், அதுவும் படிப்படியா இல்லாம மொத்தமா. "எடுத்துட்டாங்க"ன்னு மட்டும் சொல்ற அக்காமாருங்க எத எடுத்தாங்கன்னு டிஸ்சார்ஜ் பேப்பர்ல பார்த்து வெச்சுக்கறது நல்லது.

பக்கத்து மொழிங்க என்ன பண்ணியிருக்குன்னு பார்த்தா தமாஷா இருக்கு. கன்னடத்துல எழுத்துல ருதுபந்த. பெங்களூர்ல பந்த்ன்னா நமக்கு கடையடைப்புதான் ஞாபகம் வரும். ஹிந்திக்காரங்க ரஜோநிவ்ருத்தி, அதாவது ரிட்டயர்மெண்ட், கவர்மெண்ட் ஆஃபீஸ்ல சேவா நிவ்ருத்தின்னு சொல்றாங்களே அதே நிவ்ருத்தி. மலையாளத்துல ஆர்த்தவ விராமம். தெலுங்குல முட்லு உடகடம், அதுலயும் அதே முட்டு.

இப்ப மாதவிடாய்க்கு வருவோம், எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதுதான். விடாய்ன்னா அகராதியில தாகம், களைப்பு. மாசாமாசம் வர்ற களைப்புன்னு எவ்ளோ நாசூக்கா சொல்லியிருக்காங்க, தீட்டும் இல்ல தூரமும் இல்ல. கோயில்ல பிரம்மோற்சவம் முடிஞ்சதும் விடாயாத்தின்னு ஒண்ணு நடக்கும், சில ஊர்ல விடையாற்றின்னும் எழுதுவாங்க. பத்து நாள் தேரு, வாகனம்னு வீதி வீதியா சுத்தின சாமிக்கு களைப்பு ஆத்தறது, கூட்டம் இல்லாம, சத்தம் இல்லாம, பாட்டு கச்சேரியோட ஒரு வாரம் பத்து நாள். மெனோபாஸுக்கு விடாயாத்தின்னு பேரு வெச்சா எப்படி இருக்கும்னு சித்திகிட்ட சொன்னேன். முப்பத்தஞ்சு வருஷம் தேர் இழுத்தாச்சு இல்லயா. சித்தி ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "சாமிக்கு ராத்திரில வேர்க்கறதில்லையே"ன்னாங்க. சரி, அது என்னோட ஆசைன்னு விட்டுடுங்க.

எழுத்துல போடணும்னா "மாதவிடாய் நிற்றல்" என் ஓட்டு. "மாதவிடாய் நிறைவு"ன்னும் சிலர் எழுதறாங்க, மரியாதையா இருக்கு, ஆனா கொஞ்சம் விழா மேடை வாசனை. "நிறுத்தம்" பத்திரிகையிலயும் ஆஸ்பத்திரி போர்டுலயும் ஊறிப்போச்சு, அத தப்புன்னு யாரையும் திருத்தப் போறதில்ல. பெரிமெனோபாஸ்னு சொல்றாங்களே, நிக்கறதுக்கு முன்னாடி சில வருஷம் ஒரு மாசம் வரும் ரெண்டு மாசம் வராது, வந்தா கொட்டித் தீர்க்கும், அதுக்கு "நிக்கற தறுவாய்"னு சொல்லிப் பாருங்க, விளக்கமே வேணாம். நான் இப்ப அந்தத் தறுவாய்லதான் இருக்கேன். டாக்டருங்க கணக்குல தொடர்ந்து 12 மாசம் வரலன்னாதான் மெனோபாஸ், அதனால நடக்கற அன்னிக்கு யாருக்கும் தெரியாது, திரும்பிப் பார்த்துதான் சொல்ல முடியும். பெரும்பாலும் 45-லேர்ந்து 55-க்குள்ள, நம்ம நாட்டுல சராசரி 46, 47-ன்னு வெள்ளைக்காரங்கள விட கொஞ்சம் சீக்கிரமே. 40-க்கு முன்னாடியே நின்னா அத வயசுன்னு விடாம கட்டாயம் காட்டணும்.

சித்திக்கு ராத்திரில குப்புன்னு ஏறுதே அந்த சூடு, அதான் ஹாட் ஃப்ளாஷ், அதுக்கு "வெப்பப் பாய்ச்சல்"னு எழுதறாங்க, கேட்டா ஏதோ பம்ப்செட் மாதிரி இருக்கு. எங்க பக்கம் "உடம்பு காந்துது"ம்பாங்க, அந்த காந்தல் போதும். மூளையில ஹைப்போதலாமஸ்னு ஒரு இடம் வீட்டு தெர்மோஸ்டாட் மாதிரி உடம்பு சூட்ட பார்த்துக்குது, ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சதும் அது தொட்டாசிணுங்கி ஆயிடுது, துளி சூடு ஏறினாலே ஐயோன்னு தோல்ல இருக்கற ரத்தக்குழாய விரிச்சு வேர்வைய தொறந்து விட்டுடும். டிசம்பர் பெங்களூர் குளிர்ல நான் ஃபேன அஞ்சுல வெச்சு படுக்கறேன், எங்க வீட்டுக்காரர் குரங்கு குல்லா போட்டுக்கிட்டு கம்பளிக்குள்ள சுருண்டுக்கறார்.

மருந்துக்கு வருவோம். சித்தி டாக்டர் சீட்ட மடிச்சு பர்ஸ்ல வெச்சுட்டு, "நாட்டு மருந்துக் கடை எங்க இருக்கு"ன்னாங்க. இங்க அதுக்குப் பேரு கிரந்திகே அங்கடி. உள்ள போனா சுக்கு, திப்பிலி, சாம்பிராணி வாசனை எல்லாம் ஒண்ணா வரும், கடைக்காரர்கிட்ட தண்ணீர்விட்டான் கிழங்குன்னு கேட்டா முழிப்பார், சதாவரின்னு கேளுங்க. தண்ணீர்விட்டான், பேரே காந்தலுக்குன்னு வெச்ச மாதிரி இருக்கு இல்ல? எங்க பாட்டி உடம்பு சூட்டுக்கு பால்ல போட்டு குடிச்சதுதான். ஆனா மெனோபாஸுக்கு இது கேட்கும்னு அடிச்சு சொல்ற அளவுக்கு பெரிய ஆய்வு எதுவும் இல்ல, சுகர் பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம ஆரம்பிக்க வேணாம்.

ஆளி விதை, இங்க அகசே, சட்னிப்பொடியா எல்லா வீட்டுலயும் இருக்கும், மலச்சிக்கலுக்கு நல்லது, ஒமேகா மூணு இருக்கு. காந்தல் குறையும்னு நம்பி நானும் தினம் ஒரு ஸ்பூன் சாப்பிட்டேன், குறைஞ்ச மாதிரியும் இருந்துச்சு. அமெரிக்காவுல ஆளி விதை சேர்த்த தின்பண்டக் கட்டி ஒரு குரூப்புக்கும் ஆளி விதை இல்லாத கட்டி இன்னொரு குரூப்புக்கும் குடுத்து பார்த்தப்ப ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைஞ்சுது. அதாவது சும்மா சாப்பிட்டாலும் குறையுது! இந்த விஷயத்துல எந்த கை வைத்தியமும் முதல் மாசம் கேட்ட மாதிரிதான் தோணும், அத மனசுல வெச்சுக்கங்க. சோயாவும் அப்படித்தான், ஒரு ஆய்வு ஆமாங்குது ஒண்ணு இல்லங்குது, மீல் மேக்கர் குழம்பு வெச்சா புரதத்துக்குன்னு சாப்பிடுங்க.

சாப்பாடு நெஜமா வேலை செய்யற இடம் எலும்பு. நின்னதுக்கு அப்புறம் வர்ற முதல் சில வருஷத்துலதான் எலும்பு வேகமா கரையுது, அதனாலதான் ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், மத்தவங்களுக்கு தினம் 1000 மில்லிகிராம் கால்சியம்னா நின்னவங்களுக்கு 1200-ன்னு சொல்லுது. 100 கிராம் ராகியில சுமார் 350 மில்லிகிராம் இருக்கு, ஒரு முத்தைக்கு, அதான் இங்க பண்ற ராகிக் களி உருண்டைக்கு, 70, 80 கிராம் மாவு போகும்னா 250 கிட்ட வந்துடுது, பாக்கிக்கு பால், தயிர், கீரை, எள்ளுப்பொடி. ராகிய முளை கட்டி அரைச்சா இன்னும் நல்லா உடம்புல சேரும். சித்திக்கு முத்தை தொண்டையில எறங்கல, "மென்னு திங்காம முழுங்க சொல்றாங்களே"ன்னு, அதனால ஆம்பூர் ஸ்டைல்ல கூழா காய்ச்சி சின்ன வெங்காயத்தோட குடிக்கறாங்க. கூடவே காலையில வெயில், அல்சூர் ஏரிய சுத்தி நடை, கொஞ்சம் எடை தூக்கறது. காபி நிறுத்தினா சிலருக்கு காந்தல் குறையுதுங்கறாங்க, நான் ஃபில்டர் காபிய நிறுத்தல, ஆற வெச்சு குடிக்கறேன். தூக்கமே போச்சு, தாங்கலன்னா ஹார்மோன் மாத்திரைன்னு ஒண்ணு இருக்கு, 2002-ல ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு வந்து எல்லாரையும் பயமுறுத்திடுச்சு, ஆனா அதுல இருந்தவங்க சராசரி வயசு 63. அறுபதுக்கு உள்ள, நின்னு பத்து வருஷத்துக்குள்ள இருக்கற நெறைய பேருக்கு லாபம்தான் ஜாஸ்தின்னு இப்ப சொல்றாங்க. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு மாதிரி ஏதாவது இருந்திருந்தா கணக்கே வேற, டாக்டர்தான் சொல்லணும்.

கடைசியா ஒரு சொல். போன வாரம் சித்தி ஆம்பூர்ல இருக்கற பழைய பக்கத்து வீட்டுக்காரங்களோட ஃபோன்ல பேசிட்டிருந்தாங்க, அவங்களுக்கு நின்னு மூணு வருஷம். "திரும்ப வந்துடுச்சு, இன்னும் எளமை போகலபோல"ன்னு அந்தம்மா சிரிக்கறது எனக்கே கேட்டுச்சு. ஒரு வருஷம் வராம இருந்து அப்புறம் வந்தா, ஒரு சொட்டுன்னாலும், அதுக்கு மாதவிடாய்ன்னு பேரே வைக்கக்கூடாது, அது ரத்தப்போக்கு. பெரும்பாலும் சாதாரண காரணமாத்தான் இருக்கும், ஆனா கர்ப்பப்பை புற்றுநோய் இருந்தா நெறைய பேருக்கு அதோட மொத அறிகுறி இதுதான், ஸ்கேன் பண்ணி பார்க்காம விடக்கூடாது. நான் கையக் காட்டி சொல்ல சொல்ல சித்தி ஃபோன்ல, "எளமையும் கெடையாது ஒண்ணும் கெடையாது, நாளைக்கு காலையில மொத பஸ்ஸப் புடிச்சு வேலூருக்கு போடீ"ன்னு கத்திட்டிருந்தாங்க.