வராதவள் ஏன் கண்ணைவிட்டுப் போவதில்லை?

“ரெபெக்கா நாவலை மூன்றாம் முறையாகப் படிக்கிறேன். முடிவு மனப்பாடம். இருந்தும் நெஞ்சு படபடக்கிறதே, ஏன்?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அதற்காகவே நாவலை மறுபடி எடுத்தேன். இரண்டு இரவுத் தூக்கம் போயிற்று.

டாஃப்னி டு மாரியரின் இந்த நாவல் 1938-இல் வெளிவந்தது. மனைவியை இழந்த செல்வந்தர் மாக்சிம் ஓர் இளம்பெண்ணை மணந்து, மேண்டர்லி என்னும் கடலோர மாளிகைக்கு அழைத்து வருகிறார். கதை சொல்லும் அந்தப் பெண்ணின் பெயர் கடைசிவரை நமக்குத் தெரியாது. இறந்துபோன முதல் மனைவி ரெபெக்கா கதைக்குள் ஒருமுறைகூட நேரில் வருவதில்லை. ஆனால் மனத்தில் தங்கிவிடுபவள் அவள்தான்.

பயந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும். இது பள்ளியில் படித்ததுதான். ஆளே இல்லாத இடத்தில் யாரைப் பார்த்துப் பயப்படுகிறோம்?

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கோணத்தின் மூன்று முனைகள் வரும் இடங்களில் மூன்று கரிய வட்டங்கள் வரையுங்கள். ஒவ்வொன்றிலும் உட்புறம் பார்த்தபடி ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெள்ளையாக விட்டுவிடுங்கள், ஓரம் உடைந்த அப்பளம் போல. இப்போது பாருங்கள்: நடுவில் ஒரு வெள்ளை முக்கோணம் நிற்கும். மை படாத இடத்தில் விளிம்பு தெரியும். அதைவிட அழகு, அந்த முக்கோணம் சுற்றியுள்ள தாளைவிடப் பளிச்சென்று இருக்கும். அதே தாள், அதே வெள்ளை! ஒரு வட்டத்தை விரலால் மூடினால் விளிம்பு கரையும். விரலை எடுத்தால் திரும்பி வரும். இத்தாலிய உளவியலாளர் கயட்டானோ கனிட்சா 1955-இல் விவரித்த மாயத்தோற்றம் இது.

1984-இல் மூளை ஆய்வாளர் ரூடிகர் ஃபான் டெர் ஹைட்டும் சகாக்களும் குரங்குகளின் மூளையில் இதைத் தேடினார்கள். கண் அனுப்பும் செய்தியை அலசும் மூளைப் பரப்புக்குப் பார்வைப் புறணி என்று பெயர். அதன் இரண்டாம் கட்டமான ‘வி2’ பகுதியில் சில நரம்பணுக்கள், இல்லாத கோட்டுக்கும் உண்மைக் கோட்டுக்குப் போலவே துடித்தன. இல்லாத கோட்டைத் தேட எதற்குக் காசு என்று கேட்பவர்கள் உண்டு. இத்தகைய ஆராய்ச்சிக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும் என்பேன்.

டு மாரியர் செய்ததும் மூலைகளை மட்டும் வரைந்ததுதான். புது மனைவி யாருடையதோ ஒரு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போகிறாள். அதன் கை மணிக்கட்டைத் தாண்டித் தொங்குகிறது. பையில் ஒரு கைக்குட்டை. அதில் உதட்டுச்சாயக் கறை, மங்கிய அசேலியாப் பூமணம், ஒரு பெயரின் முதலெழுத்துகள். மழைக்கோட்டின் நீளத்தை வைத்தே ரெபெக்காவின் உயரத்தை அவள் கணக்கிடுகிறாள். நாமும்தான். உயிரோடு நடமாடுகிறவர்களைவிட ரெபெக்கா பளிச்சென்று தெரிவது அதனால்தான். இல்லாத விளிம்பை நிரப்பும் வேலையும் இல்லாத ஓர் ஆளை நிரப்பும் வேலையும் மூளையில் ஒன்றே என்று யாரும் நிரூபிக்கவில்லை. இந்த ஒப்புமை என்னுடையது. ஆனால் 1940-இல் இதைப் படமாக்கிய ஹிட்ச்காக்கும் ரெபெக்காவைக் காட்டவில்லை. மாக்சிம் பழைய இரவொன்றை விவரிக்கும்போது, அவள் எழுந்து நடந்த வழியில் கேமரா மட்டும் வெற்றிடத்தைத் தொடர்ந்து போகிறது. நாம் அவளைப் பார்க்கிறோம்!

பாழடைந்த பங்களாவில் பேயைப் பார்த்ததாகச் சொல்பவர் பொய் சொல்வதாக நான் நினைப்பதில்லை. அந்தப் பயத்தில் தாயத்து விற்பவரைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மூன்றாம் வாசிப்புக்கு வருவோம். முக்கோணம் இல்லை என்று தெரிந்த பிறகும் விளிம்பு மறைவதில்லை. அறிவு சொல்வதை அந்த நரம்பணுக்கள் கேட்பதில்லை. கதையிலும் இப்படியே என்பதற்கு உளவியலாளர் ரிச்சர்ட் கெரிக் 1989-இல் சான்று தந்தார். முடிவு ஊரறிந்த வரலாற்றுச் செய்திதான். ஆனாலும் அதைப் பரபரப்பாக எழுதிப் படிக்கக் கொடுத்தபோது, அது உண்மைதான் என்று உறுதிசெய்ய வாசகர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது.

நாவலின் தொடக்கத்தில் அந்தப் பெண், ரெபெக்கா கையெழுத்திட்ட பக்கத்தைப் புத்தகத்திலிருந்து வெட்டிக் கிழித்துக் கொளுத்துகிறாள். கடைசியாகக் கருகுவது சாய்ந்த ‘ஆர்’ எழுத்து. தீயில் முறுக்கி, ஒரு கணம் முன்னைவிடப் பெரிதாகிறது. முடிவு தெரிந்து படித்த இந்த முறையும் எனக்கு அது பெரிதாகத்தான் செய்தது.