22 வயதில் முட்டி தேயுமா?

"மாமா, முட்டி தேஞ்சு போச்சாம்." மேலூர்ப் பக்கத்திலிருந்து அக்கா மகன் போன் செய்தபோது குரல் உடைந்திருந்தது. வயது 22. காவலர் உடல்திறன் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்று கண்மாய்க்கரையில் ஓட ஆரம்பித்து ஆறு வாரம் ஆகியிருந்தது. படி இறங்கினால் முட்டிச் சில்லைச் சுற்றி வலி. போன இடத்தில் காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் ஏதோ ஒரு வரி இருக்க, "தேய்மானம், இனிமேல் ஓடாதே" என்று அனுப்பிவிட்டார்கள்.

முட்டிச் சில்லு என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்த வலி பாதி புரிந்துவிடும். தொடையின் முன்பக்கத் தசை கீழே கயிறு போன்ற நாணாகக் குறுகிக் கணைக்கால் எலும்பின் மேல்முனையில், முட்டிக்குச் சற்றுக் கீழே பிடிக்கிறது. அந்த நாணுக்குள் பொதிந்திருக்கும் எலும்புதான் சில்லு. கிணற்று உருளை கயிற்றுக்குச் செய்வதைப் போன்ற உதவியை இது நாணுக்குச் செய்கிறது. நாணை மூட்டிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிப்பதால், குறைந்த இழுப்பிலேயே காலை நீட்ட முடிகிறது. அதற்கு விலையும் உண்டு. தசை இழுக்கும் ஒவ்வொரு முறையும் சில்லு தொடை எலும்பின் பள்ளத்தில் அழுந்துகிறது. முட்டி மடங்க மடங்க அழுத்தம் கூடும். படியில் அது உடல் எடையைப் போல் சுமார் மூன்று மடங்கு. ஓடும்போது அதற்கும் மேல். இறங்கும்போது வலி அதிகமாகத் தெரிவது, மடங்கிய ஒற்றைக் காலில் முழு உடம்பையும் பிரேக் போட்டபடி இறக்குவதால்தான்.

சரி, அழுத்தம் எல்லோருக்கும்தானே? எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. அதன் அடியில் இருக்கும் எலும்பும், மூட்டின் உள்சவ்வும், சில்லுக்குக் கீழுள்ள கொழுப்புத் திண்டும்தான் வலியை உணர்பவை. தாங்கும் அளவைவிடச் சுமை திடீரென்று ஏறினால் இவை நோகின்றன. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். நாணும் எலும்பும் பழக மாதக்கணக்கு ஆகும். ஆறாவது வாரத்தில் அவன் நெஞ்சு இன்னும் ஓடு என்றது, முட்டி அதற்குத் தயாராக இல்லை. தேய்மானம் என்ற சொல் இங்கே பொருந்தவே இல்லை. 2017-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், உடல்நலத்துக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இடுப்பு அல்லது முட்டி மூட்டுத் தேய்மானம் இருந்தது, ஓடாதவர்களில் 10.2 சதவீதம் பேருக்கு. போட்டி வீரர்கள் கணக்கு வேறு, அவர்களுக்கு 13.3.

ஸ்கேன் படத்தை மட்டும் நம்புவதில் உள்ள ஆபத்தை அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் நடந்த ஆய்வு 2008-இல் காட்டியது. 50 வயதைத் தாண்டியவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, முட்டிக்குள் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியே இல்லை. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமாகிவிடாது.

ஆகவே நல்ல ஆள் முதலில் கேள்வி கேட்பார். எந்த வாரம் எத்தனை கிலோமீட்டர், தார் ரோடா மண்ணா, உட்கார்ந்து எழுந்தால் பிடிக்கிறதா. அப்புறம் ஒரே விரலால் வலிக்கும் இடத்தைக் காட்டச் சொல்வார். சில்லைச் சுற்றியா, அதற்குச் சற்றுக் கீழே நாணிலா, முட்டியின் வெளிப்பக்கமா? மூன்றும் மூன்று வெவ்வேறு தொல்லைகள். பிறகு படியில் நிறுத்தி ஒற்றைக் காலில் மெல்ல இறங்கச் சொல்வார். முட்டி உள்பக்கம் சாய்கிறதா, இடுப்புத் தசை தாங்குகிறதா என்று அதில் பார்க்கலாம். இதெல்லாம் முடிந்தும் சந்தேகம் இருந்தால்தான் ஸ்கேன்.

மதுரையில் இதற்குப் பெரும்பாலும் இயன்முறை மருத்துவர் போதும். இயன்முறை மருத்துவப் பட்டமான பி.பி.டி. அல்லது எம்.பி.டி. படித்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். தினமும் கரண்ட் வைத்து மட்டும் அனுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். இந்த வலிக்கு அப்படிப்பட்ட கருவிகளைப் பரிந்துரைப்பதில்லை என்று இத்துறை ஆய்வாளர்களே கூடி எடுத்த முடிவு 2018-இல் வெளியானது. இடுப்புக்கும் முட்டிக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுப்பதைத்தான் முன்னிறுத்தினார்கள். எலும்பு முறியாத முட்டியை இறுக்கிக் கட்டுப்போட்டு வாரக்கணக்கில் வைப்பதும் வேண்டாம், தொடைத் தசை இளைத்துவிடும்.

சிலதற்கு மட்டும் தாமதிக்கக் கூடாது. 'டக்'கென்ற சத்தத்தோடு திரும்பிச் சில மணி நேரத்தில் வீங்கிய முட்டி, நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்ட முட்டி, ஊன்றவே முடியாத கால், காய்ச்சலோடு சூடாகச் சிவந்த மூட்டு, ராத்திரி தூங்கவிடாத வலி. இவற்றுக்கு நேராக எலும்பு மருத்துவர். அரசு இராசாசி மருத்துவமனையில் எலும்பு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது; சூடாகச் சிவந்த மூட்டு என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

"ஓட்டத்தை நிறுத்த வேண்டாம் மாப்ள, குறைச்சா போதும்" என்று சொல்லி நானே அவனை ஒரு பிசியோவிடம் கூட்டிப்போனேன். வலி பத்துக்கு இரண்டைத் தாண்டாமலும், மறுநாள் காலைக்குள் அடங்கிவிடும்படியும் தூரத்தை வெட்டினார். ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, படியில் மெல்ல இறங்குவது என்று பயிற்சி கொடுத்தார். அடியை நீளமாக வைக்காமல், சிறிதாக, கொஞ்சம் வேகமாக வைக்கச் சொன்னார். அதனால் ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழும் சுமை குறையும்.

பயிற்சி தொடங்கி இப்போது எட்டாவது வாரம். ஒருநாள் விட்டு ஒருநாள் 2 கிலோமீட்டர் ஓடுகிறான். பஸ்ஸில் வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தால் இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது. அதையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்கிறான்.