ஹேண்ட் ஓவர் கொடுக்காமல் போனவர்கள்

நர்ஸ் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மண்டையில் ஏற்றிவிடும் விதி ஒன்று உண்டு. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் கேட்டு வாங்கிக்கொள்ளும் வரை வார்டை விட்டு நகரக் கூடாது. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கட்டும், வெளியே பனி கொட்டட்டும், ஹேண்ட் ஓவர் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கொடுக்காமல் போனால் நோயாளியைக் கைவிட்டதாக நர்சிங் போர்டுக்குப் புகார் போகும், லைசென்ஸே பறிபோகலாம். தமிழ்நாட்டில் படித்தபோதும் இதைத்தான் சொன்னார்கள், இப்போது வேலை பார்க்கும் அமெரிக்காவிலும் இதுதான்.

இங்கே சட்டம் போடுகிறவர்களுக்கு அப்படி ஒரு விதி இல்லை. 2025 செப்டம்பர் 19 அன்று பிரதிநிதிகள் சபை ஒரு தற்காலிக நிதி மசோதாவை நிறைவேற்றிவிட்டு ஊருக்குக் கிளம்பியது. செனட்டில் அதற்குத் தேவையான 60 வாக்கு கிடைக்கவில்லை. அக்டோபர் 1 முதல் ஷட்டவுன், அதாவது பணம் ஒதுக்கப்படாமல் அரசாங்க வேலைகள் நிற்பது. சபை மறுபடி வாக்களிக்கக் கூடியது நவம்பர் 12 அன்று. இடையில் 54 நாட்கள். ஷட்டவுன் மட்டும் 43 நாள் ஓடியது. அதற்கு முன் நீளமானது 2018-19 இல் நடந்த 35 நாள் ஷட்டவுன்.

எந்தக் கட்சி சரி என்று தீர்ப்பு சொல்ல நான் உட்காரவில்லை. ஒபாமாகேர் மருத்துவக் காப்பீட்டுக்கான கூடுதல் மானியம் அந்த வருடக் கடைசியில் முடிய இருந்தது. அதை நீட்டித்தால்தான் ஓட்டு என்றது ஜனநாயகக் கட்சி, முதலில் அரசாங்கத்தைத் திற, அப்புறம் பேசலாம் என்றது குடியரசுக் கட்சி. மானியம் சின்ன விஷயமில்லை. பிரீமியம் கட்ட முடியாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறவர்கள் கடைசியில் எங்களிடம்தான் வந்து படுப்பார்கள். ஆனால் சண்டை முடியும்வரை நோயாளிகளை யார் பார்ப்பது என்று ஒரு ஏற்பாடும் செய்யாமல் போனார்களே, என் ஆத்திரம் அங்கேதான்.

ஊரில் இருக்கும் அண்ணன் போனில் கேட்டார்: "அது எப்படிம்மா அரசாங்கத்தை மூட முடியும்?" நியாயமான கேள்வி. இந்தியாவில் பட்ஜெட் தாமதமானால் இடைக்காலச் செலவுக்கு ஒப்புதல் வாங்கிக்கொள்கிறார்கள்; நிதி மசோதா மக்களவையில் தோற்றால் ஆட்சியே போய்விடும். இங்கே ஆட்சி போகாது, பணம்தான் நிற்கும். ஒதுக்கப்படாத பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்று 19ஆம் நூற்றாண்டில் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. 1980-81 இல் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி அதற்குக் கறாராக விளக்கம் கொடுத்தார்: பணம் ஒதுக்கவில்லையென்றால் உயிரையும் சொத்தையும் காக்கும் வேலை தவிர மற்றதை நிறுத்து. அதற்கு முன் நிதி இடைவெளி வந்தாலும் அலுவலகங்கள் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"அத்தியாவசியச் சேவைகள் தொடரும்" என்று ஒவ்வொரு ஷட்டவுனிலும் டிவியில் சொல்வார்கள். அந்த வார்த்தைக்கு அடியில் எதெல்லாம் நழுவி விழுகிறது என்று டிவியில் தெரியாது. நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

கொரோனா காலத்தில், 2020 நவம்பரில், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் ஒரு விதித் தளர்வு கொடுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நோயாளியை, நிலைமை ஓரளவு சீராக இருந்தால், அவர் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம். தினம் இரண்டு முறையாவது நர்ஸோ பாராமெடிக்கோ நேரில் போக வேண்டும், மீதி நேரம் டேப்லெட்டில் கண்காணிப்பு. ஏறத்தாழ 400 ஆஸ்பத்திரிகள் இதில் சேர்ந்தன. அந்த அனுமதி 2025 செப்டம்பர் 30 உடன் காலாவதி. நீட்டிப்பு நிதி மசோதாவுக்குள் இருந்தது. மசோதா விழுந்தபோது அதுவும் சேர்ந்து விழுந்தது. வீட்டில் இருக்கும் நோயாளிகளை டிஸ்சார்ஜ் செய், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வா என்று உத்தரவு.

எங்கள் கவனிப்பில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். இதயம் பலவீனமாகி, காலிலும் நுரையீரலிலும் நீர் கோத்திருந்தது. வீட்டில் அவருக்கு ஐவி வழியாக லேசிக்ஸ் போட்டுக்கொண்டிருந்தோம். லேசிக்ஸ் போட்டால் சீக்கிரமே சிறுநீர் முட்டிக்கொண்டு வரும், அடுத்த இரண்டு மணி நேரம் பாத்ரூமும் கட்டிலுமாக அலைய வேண்டும். வீட்டில் கட்டிலிலிருந்து நாலு எட்டில் பாத்ரூம், பிடித்துக்கொள்ளக் கம்பி, பக்கத்தில் மனைவி. எடை இறங்கிக்கொண்டிருந்தது, ராத்திரி மூச்சு முட்டாததால் தலையணையிலும் ஒன்று குறைத்திருந்தார். அப்படிப்பட்டவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தோம். மேலே படுக்கை காலியில்லை. எமர்ஜென்சி நடைபாதையில் ஸ்ட்ரெச்சர், எதிரும் புதிருமாக ஆட்கள். அங்கே வைத்து அதே லேசிக்ஸ். திரைச்சீலை கூட இல்லாத இடத்தில் யூரினலை நீட்டியபோது அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் மனைவி மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார், "நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்றா திரும்பக் கூட்டி வந்துவிட்டீர்கள்?" செனட்டில் 60 ஓட்டு விழாத கதையை அந்த அம்மாவுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

அதே நாளில் மெடிகேர் நோயாளிகள் வீட்டிலிருந்தே டாக்டரை வீடியோவில் பார்க்கும் வசதிக்கும் பெரும்பகுதி பணம் நின்றது.

நவம்பரில் அடுத்த அடி. ஸ்னாப் என்ற உணவு உதவி அட்டையை நம்பி அப்போது சுமார் 4.2 கோடிப் பேர் இருந்தார்கள். நவம்பர் 1 பிறந்தது, அட்டையில் பணம் ஏறவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு மாநிலத்தில் முழுத்தொகை, இன்னொன்றில் பாதி, வேறொன்றில் ஒன்றுமே இல்லை. எங்களுக்கு இது அரசியல் செய்தியே இல்லை, லோ சுகர் செய்தி. கையில் காசு தீர்ந்தால் சர்க்கரை நோயாளிக்கு என்ன ஆகும் என்பது முன்பே தெரிந்ததுதான். கலிபோர்னியாவில் ஏழைகளிடையே லோ சுகரால் ஆஸ்பத்திரியில் சேர்வது மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 சதவீதம் அதிகம் என்று 2014 இல் ஆய்வு வந்தது. மாதக் கடைசியிலேயே இந்தக் கதி. நவம்பரில் முதல் தேதியே கடைசித் தேதி மாதிரி இருந்தது.

ஆகவே நம் ஆட்களுக்குத் தொழில் ரீதியாக ஒன்று சொல்லிவிடுகிறேன், ஷட்டவுன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும். இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு, கிளிபிசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சாப்பாடு குறையும் நாளில் வழக்கமான டோஸை அப்படியே போட்டால் சுகர் தடாலென்று இறங்கும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். டாக்டர் ஆபீஸுக்குப் போன் போட்டு "சாப்பாட்டுக்கு வழியில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நாங்கள் தினம் கேட்பதுதான். கை நடுங்கி, வியர்த்து, சுகர் 70க்குக் கீழே போனால் அரை டம்ளர் ஜூஸ் குடித்து 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். பேச்சு குழறினாலோ விழுங்க முடியாவிட்டாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் அவசர உதவி எண் 911.

இன்னொன்று குழந்தைகள். பவுடர் பால் டப்பா இன்னும் நாலு நாள் வர வேண்டும் என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. ஆனால் ஆபத்து பெரிது. பச்சிளம் குழந்தையின் சிறுநீரகம் அவ்வளவு தண்ணீரைத் தள்ளாது, ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரைக்கும் போகும். உள்ளூர் உதவிகளைக் காட்டும் 211 எண்ணுக்குப் போன் செய்யுங்கள், குழந்தை டாக்டரிடம் கேளுங்கள், பல இடங்களில் டப்பா கையிருப்பு இருக்கும். தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்குமான விக் என்ற உணவு உதவித் திட்டத்துக்கு அக்டோபரில் சுங்க வரிப் பணத்திலிருந்து 30 கோடி டாலர் எடுத்துப் போட்டு ஓட்டினார்கள்.

அப்படியானால் வழி இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இருக்கிறது. ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களுக்கான ஆஸ்பத்திரிகளுக்கு 2009 இல் போட்ட சட்டப்படி ஒரு வருடம் முன்னதாகவே பணம் ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால்தான் இந்த 43 நாளில் அவை வழக்கம்போல் இயங்கின. 2018-19 ஷட்டவுனில் அமெரிக்கப் பழங்குடிகளுக்கான சுகாதார சேவை ஊழியர்கள் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார்கள். அதன் பிறகு பழங்குடித் தலைவர்கள் விடாமல் போராடி, 2022 டிசம்பரில் அந்தச் சேவைக்கும் முன்கூட்டிய ஒதுக்கீடு வாங்கினார்கள். 2025 இல் அந்தக் கிளினிக்குகள் திறந்திருந்தன. மத்திய சிறைகளில் வேலை செய்யும் நர்ஸ்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சம்பளமில்லாமல்தான் ட்யூட்டி பார்த்தார்கள். நிலுவைச் சம்பளத்துக்கு 2019 சட்டம் இருக்கிறது, ஒப்பந்தத்தில் தரை துடைப்பவர்களுக்கு அதுவும் கிடையாது.

உறுப்பினர்களுக்கோ வருடம் 1,74,000 டாலர் சம்பளம் நிற்காது, அரசியல் சட்டமே காவல். நவம்பர் 12 அன்று கையெழுத்தான சட்டம் பெரும்பாலான துறைகளுக்கு 2026 ஜனவரி 30 வரை மட்டும் பணம் கொடுத்தது. வீட்டு ஆஸ்பத்திரி அனுமதியையும் அந்தச் சட்டம் அந்தத் தேதி வரைதான் நீட்டித்தது. முழு வருடத்துக்கும் பணம் கிடைத்தது மூன்று மசோதாக்களில் அடங்கியவற்றுக்கு மட்டும்: ஸ்னாப்பும் விக்கும் அடங்கிய விவசாயத் துறை, ராணுவக் கட்டுமானத்தோடு முன்னாள் படைவீரர் நலம், மூன்றாவதாக நாடாளுமன்றத்தின் சொந்தச் செலவு.

இங்கே ஓட்டுரிமை உள்ளவர்கள் உங்கள் தொகுதி உறுப்பினர் ஆபீஸுக்குப் போன் போட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: விக்குக்கும் ஸ்னாப்புக்கும் முன்கூட்டிய ஒதுக்கீடு கொடுக்க நீங்கள் தயாரா, இல்லையா? பெயரையும் அஞ்சல் குறியீட்டையும் சொன்னால் குறித்துக்கொள்வார்கள். போனை எடுப்பது பெரும்பாலும் இருபது வயசுப் பையனோ பெண்ணோதான், அவர்களைத் திட்டாதீர்கள். ஷட்டவுனில் அவர்களுக்கும் சம்பளம் வரவில்லை.