காவலர் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன் அந்த வேலையை விசாரித்தீர்களா?

காவேரிப்பட்டணத்துக்கு அப்பால் ஒரு மாந்தோப்புக் கிராமம். எழுத்துத் தேர்வில் தேறி, கயிறு ஏறி, நீளம் தாண்டி, தேர்ச்சிப் பட்டியலிலும் பெயர் வந்துவிட்ட ஒரு பையனின் வீட்டுத் திண்ணையில், நன்னடத்தை விசாரணைப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் அம்மா சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குற்ற வழக்கு ஏதேனும் உண்டா என்ற கேள்விக்கு எதிரே பையன் ‘இல்லை’ என்று எழுதியிருந்தான். நிலையப் பதிவேட்டில் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எருது விடும் விழாவில் நடந்த கைகலப்பு. குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஏழாவதாக அவன் பெயர்.

“அது அப்போதே ராஜியாகிவிட்டது ஐயா. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள்” என்றான்.

ஊர் முடித்துவிட்டது, வழக்கு முடியவில்லை. நீதிமன்றத்தில் அது நிலுவையில் கிடந்தது. உள்ளதை உள்ளபடி எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. மூன்று வருடம் விடியற்காலையில் எழுந்து ஓடியவனுக்குப் பணி ஆணை வரவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் சீருடை அணிந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். அதில் பல ஆண்டுகள் இந்த விசாரணைப் படிவங்களோடு ஊர் ஊராகப் போயிருக்கிறேன். இப்போது காலை வேளைகளில் மைதானத்தில் ஓடிப் பழகும் பிள்ளைகளிடம் பேசுகிறேன். எத்தனை மதிப்பெண் எடுத்தால் கிடைக்கும், எந்த ஷூ வாங்குவது, கயிறு ஏறக் கை வழுக்குகிறதே என்ன செய்வது என்றெல்லாம் கேட்கிறார்கள். அந்த வேலையில் முதல் பத்து வருடம் என்ன செய்வோம் என்று கேட்பவரைக் காண்பது அரிது. துறை உங்களைச் சேர்த்துக்கொள்ளும் முன் உங்கள் ஊர், பள்ளி, பழக்கம் எல்லாவற்றையும் விசாரிக்கிறது. நீங்களும் விண்ணப்பிக்கும் முன் துறையை விசாரிக்க வேண்டும். அதற்கும் முன்னால் உங்களையே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வழக்கு விவகாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பையன்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். கோவில் திருவிழாத் தகராறு, வரப்புத் தகராறு, எருது விடும் விழா, இரு சக்கர வாகன விபத்து. புகார் கொடுப்பவர் கோபத்தில் பத்துப் பெயர் சொல்லுவார்; சும்மா நின்றவன் பெயரும் முதல் தகவல் அறிக்கையில் ஏறிவிடும். பிறகு சாட்சிகள் மாறிப் பேசுவார்கள், வழக்கு விடுதலையில் முடியும். விடுதலைதானே என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். ஆனால் தமிழ்நாடு காவல் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவர் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-ல் இந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. குற்றமற்றவர் என்று தெளிவாகச் சொல்லும் விடுதலைக்கும், சாட்சி இல்லாததால் கிடைக்கும் விடுதலைக்கும் இங்கே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

இன்னொன்று, சின்ன வழக்குகள். ‘ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் அன்றைக்கே வேலை முடிந்தது’ என்று யாராவது யோசனை சொல்லுவார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைதான். அதையும் படிவத்தில் எழுதியே ஆக வேண்டும்.

ஆகவே முதல் வேலையாக, உங்கள் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ‘இ-கோர்ட்ஸ்’ இணையதளத்தில் பெயரைக் கொடுத்தே வழக்குகளைத் தேடலாம். உங்கள் ஊர் எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறதோ அங்கே போய் நிலைய எழுத்தரிடம் நேராகக் கேளுங்கள். போலீஸ் ஆகப் போகிறவர் காவல் நிலையப் படியேறத் தயங்கக் கூடாது. தவறாகச் சேர்க்கப்பட்ட பெயர் என்றால், வழக்கறிஞரைப் பார்த்து, வழக்கை ரத்து செய்ய உயர்நீதிமன்றத்தை நாட முடியுமா என்று இப்போதே கேளுங்கள். தேர்ச்சிப் பட்டியல் வந்த பிறகு ஓடினால் நாள் போதாது. 18 வயது நிரம்பும் முன் இளைஞர் நீதிக் குழுமத்தில் நடந்த வழக்கு என்றால் பயப்பட வேண்டாம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், மிகச் சில கொடுங்குற்ற வழக்குகள் நீங்கலாக, அதனால் தகுதிக் குறைவு வராது என்கிறது. எதுவானாலும் மறைக்காதீர்கள். பணிக்கான படிவத்தில் வழக்கை மறைப்பது பற்றி உச்சநீதிமன்றம் 2016-ல் விரிவாகவே பேசியிருக்கிறது. அறியாத வயதில் நடந்த அற்பமான வழக்கைத் துறை பொறுத்துக்கொள்ள இடம் உண்டு. மறைத்ததாகத் தெரிந்தால் அந்த மறைப்பே தனிக் குற்றச்சாட்டாகிவிடும்.

அடுத்து உடல் அளவு. இரண்டாம் நிலைக் காவலருக்கு ஆண்கள் பொதுவாக 170 செ.மீ. உயரம் இருக்க வேண்டும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 167. பெண்களுக்கு 159, அவர்களில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 157. ஆண்களுக்கு மார்பளவு 81, மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன், வெறுங்காலோடு சுவரில் சரியாக நின்று அளந்து பாருங்கள். ஆறு மாதம் ஓடிவிட்டு, அளக்கும் நாளில் ஒரு செ.மீ. குறைந்து அழுதுகொண்டு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சித்தேரி மலை, பெட்டமுகிலாளம் பக்கத்துப் பழங்குடிப் பிள்ளைகள் சாதிச் சான்றிதழை அறிவிப்பு வரும்வரை தள்ளிப் போடவே கூடாது. அது கோட்டாட்சியர் விசாரித்துத் தரும் சான்று, நாளாகும்.

தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கு, கன்னட வழியில் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்வில் முதலில் தமிழ் மொழித் தகுதித் தேர்வு, 80 மதிப்பெண். அதில் 40 விழுக்காடு, அதாவது 32 எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். வீட்டில் தெலுங்கு பேசினால் என்ன, தமிழ் பேசத் தெரியுமே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். இது எழுத்துத் தமிழ். தேறி வந்துவிட்டால் உங்கள் மூன்று மொழிதான் எல்லைப்பக்க நிலையங்களுக்குப் பெரிய பலம். ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியில் ஓட்டுநரிடம் அவர் மொழியிலேயே பேசும் காவலருக்குப் பாதி விசாரணை அங்கேயே முடிந்துவிடும்.

இனி வேலை. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கும் இரண்டாம் நிலைக் காவலர் நேராகக் காவல் நிலையத்துக்கு வருவதில்லை. ஏழு மாதம் பயிற்சிப் பள்ளி, பிறகு ஒரு மாதம் நேரடிப் பயிற்சி. அதன் பின் மாவட்ட ஆயுதப்படை அல்லது சிறப்புக் காவல் படை. நம் பக்கத்தில் போச்சம்பள்ளியில் இருப்பது சிறப்புக் காவல் படையின் ஏழாவது அணி. அந்த வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் வாயிலைப் பார்த்திருப்பீர்கள். எட்டாவது அணி இருப்பது டில்லியில், திகார் சிறைக் காவலுக்கு. ‘ஊரில் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பான் என் மகன்’ என்று நினைக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆயுதப்படையில் வழிக்காவல், பந்தோபஸ்து, பாரா. கைதியை வேனில் ஏற்றி நீதிமன்றம் கொண்டுபோய், மாலை திரும்பச் சிறையில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கும்வரை தண்ணீர் குடிக்கவும் யோசிக்க வேண்டியிருக்கும். நிலையப் பணிக்கு மாற எத்தனை ஆண்டு என்பது காலியிடத்தைப் பொறுத்தது.

பாரா என்றால் என்னவென்று ஒரு இரவாவது மனதில் நிகழ்த்திப் பாருங்கள். இரவு இரண்டு மணி. தோளில் துப்பாக்கி. எதிரே எரியும் ஒரே விளக்கைச் சுற்றி ஈசல். உட்கார நாற்காலி இல்லை. இருந்தாலும் உட்காரக் கூடாது. எந்த நேரமும் அதிகாரி வந்து பார்ப்பார். காவலில் இருப்பது பூட்டிய ஒரு அறை, அதற்குள் ஆயுதம். நடப்பது ஒன்றுமில்லை, ஆனால் ஒன்றும் நடக்காமல் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. ஓடும் வேகம் இங்கே உதவாது. பொறுமைதான் உதவும்.

தொடக்க அடிப்படை ஊதியம் 18,200 ரூபாய். அகவிலைப்படியும் பிற படிகளும் சேரும். முதல்நிலைக் காவலர் ஆகப் பத்து ஆண்டு. சிறப்பு உதவி ஆய்வாளர் ஆக இருபது ஆண்டுக்கு மேல். பட்டம் முடித்தவர்கள் அவசரத்தில் காவலர் தேர்வோடு நின்றுவிடாமல், உதவி ஆய்வாளர் நேரடித் தேர்வையும் யோசியுங்கள். அதன் தொடக்க ஊதியம் 36,900. வார விடுமுறைக்கு 2021-ல் அரசாணை வந்தது. அதை உண்மையிலேயே எடுக்க முடிகிறதா என்று பணியில் இருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். ஆடிப்பெருக்கு வாரத்தில் ஒகேனக்கல்லில் நிற்பவரிடம் கேட்டால் இன்னும் நல்லது. சங்கம் வைத்துக் கேட்கும் உரிமை போலீசாருக்கு இல்லை. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது. தொழிற்சாலையில் சங்கம் பார்த்து வளர்ந்த ஓசூர்ப் பிள்ளைகள் இதை முன்கூட்டியே மனதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

நிலையத்துக்கு வந்த பிறகு வேறு உலகம். தொப்பூர் கணவாயில் விபத்து என்று நள்ளிரவில் அழைப்பு வந்தால், அங்கே முதலில் போய் நிற்பவர்களில் நீங்களும் ஒருவர். உடலை எடுக்க வேண்டும், செல்போனைத் தேடி எடுக்க வேண்டும், அது அடித்தால் யாராவது ஒருவர் எடுத்துப் பேச வேண்டும். ஒரு முறை அப்படி நான் எடுத்தபோது, திரையில் ‘வீடு’ என்று இருந்தது. மறுமுனையில் ஒரு சிறுமி, “அப்பா, எங்கே வந்துவிட்டாய்?” என்றாள். பெரியவர்கள் யாரையாவது கூப்பிடம்மா என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. இதை எந்தப் பயிற்சி மையமும் கற்றுத் தராது.

தருமபுரி, கிருஷ்ணகிரியில் இருந்து போலீசில் சேரும் ஒவ்வொருவரும் வாச்சாத்தியைப் படித்துவிட்டுச் சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அரூர்ப் பக்கத்து மலையடிவாரக் கிராமம் அது. 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டைச் சோதனை என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சேர்ந்து நுழைந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. 269 பேர் மீது வழக்கு. 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதில் காவல்துறையினர் 84 பேர். 2023 செப்டம்பர் 29-ல் உயர்நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளிவிட்டது. அந்த 84 பேரிலும் உங்களைப் போல் மைதானத்தில் ஓடி, அம்மா கையால் திருநீறு பூசிக்கொண்டு பயிற்சிக்குப் போனவர்கள் இருந்திருப்பார்கள். மேலிருந்து உத்தரவு வந்தது, கூட்டத்தோடு போனேன் என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை. கூட்டமே ஒரு தவறு செய்யும்போது, கடைசி வரிசையில் நிற்கும் சின்னக் காவலனாகிய நான் என்ன செய்வேன்? இந்தக் கேள்விக்கு இப்போதே உங்களுக்குள் ஒரு பதில் வேண்டும். லத்தி கைக்கு வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

இதே தருமபுரி மாவட்டம்தான் 2017-ல் நாட்டின் முதல் திருநங்கை உதவி ஆய்வாளரான பிரித்திகா யாஷினியையும் வரவேற்றது. விண்ணப்பத்தைக்கூட ஏற்காத நிலையில் இருந்து நீதிமன்றம் போய்ப் போராடி வந்தவர் அவர். துறை மாறும். மாறுவதற்கு உள்ளே நல்லவர்கள் வர வேண்டும் என்பதால்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

தரகர்களைப் பற்றி ஒரே வரி: பணம் வாங்கிக்கொண்டு வேலை வாங்கித் தருகிறேன் என்பவர் மோசடிக்காரர், கொடுப்பவர் நிலத்தையும் இழந்து வழக்கிலும் மாட்டுவார். பயிற்சி வேண்டுமென்றால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு நடக்கிறது, முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

போன ஆண்டு அரூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு அம்மா மகளை அழைத்துக்கொண்டு வந்தார். “இவள் போலீசாகத்தான் போவேன் என்கிறாள், போகலாமா அண்ணா?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. காவலர் குடியிருப்பில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் தலைமைக் காவலர் வீட்டு முகவரியைக் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அங்கே இருந்துவிட்டு வரச் சொன்னேன். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவது யார், இரவுப் பணி அன்று வீட்டில் யார் என்று எல்லாவற்றையும் கேட்டுவரச் சொன்னேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண் ஒரு நோட்டுத் தாளோடு வந்தாள். ஒன்பது கேள்வி எழுதி, எதிரே பதில்களையும் எழுதியிருந்தாள். கடைசிக் கேள்வி: ‘பந்தோபஸ்தில் பெண்களுக்குக் கழிப்பறை எங்கே?’ எதிரே, அந்தத் தலைமைக் காவலர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்: ‘பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். அதனால் காலையில் தண்ணீர் குறைவாகக் குடிப்போம்.’ முதல்வர் செல்லும் பாதையில் பெண் காவலர்களைச் சாலையோரம் நிறுத்த வேண்டாம் என்று 2021-ல் அறிவுறுத்தல் வந்ததையும், திருவிழா, ஊர்வலப் பந்தோபஸ்துகள் அதற்குப் பிறகும் இருப்பதையும் சொன்னேன். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “நான் விண்ணப்பிக்கிறேன் ஐயா” என்றாள். அவள் அம்மா சுவரோரமாக நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லி, என் வீட்டு அளவு நாடாவால் மகளின் உயரத்தை இரண்டு முறை அளந்து பார்த்தார். நூற்று அறுபது.