மாலில் கடை வாங்கும் முன் ரேண்டல் பார்க்கைப் பாருங்கள்

ஒரு மால் மூடப்பட்டால் உடனே ஆன்லைன் வியாபாரத்தின் மேல் பழி விழுகிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், நார்த் ரேண்டல் என்ற சிற்றூரில் இருந்த ரேண்டல் பார்க் மாலின் வரலாற்றைப் படித்தால் அந்தப் பேச்சு நிற்காது. அங்கே ஜேசி பென்னி என்ற பெரிய கடை மூடிக்கொண்டு வெளியேறியது 2001இல். கைபேசியில் பொருள் வாங்கும் பழக்கமே அப்போது வரவில்லை.

கிளீவ்லாந்து நகரை ஒட்டிய ஊர் அது. குதிரைப் பந்தயத் திடல் இருந்த நிலத்தில் எட்வர்ட் டீபார்ட்டலோ என்ற மால் கட்டுமான முதலாளி 22 லட்சம் சதுர அடியில் கட்டி, 1976 ஆகஸ்டில் திறந்தார். உலகிலேயே பெரிய மால் என்று விளம்பரம் செய்தார்கள். சியர்ஸ், ஜேசி பென்னி, ஹிக்பீஸ், மே கம்பெனி, ஹார்ன்ஸ் என ஐந்து பெரிய கடைகள். ஊரின் மக்கள்தொகையோ ஆயிரத்துச் சொச்சம். ஊர் முத்திரையிலேயே இரண்டு ஷாப்பிங் பைகளை வரைந்துகொண்டார்கள். அதில் அர்த்தம் இருந்தது. ஒஹாயோவில் வேலை பார்க்கும் இடத்து ஊர் நிர்வாகம் சம்பளத்தில் வரி எடுக்கலாம். மாலில் வேலை பார்த்தவர்கள் ஊர்க்காரர்களைவிடப் பல மடங்கு என்பதால் ஊரின் வரவே மாலை நம்பி நின்றது.

ஆனால் வாடிக்கையாளர்கள் வெளியிலிருந்து வர வேண்டியவர்கள். சுற்றியுள்ள குயஹோகா கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது) 1970இல் சுமார் 17.2 லட்சம் பேர், 2010இல் 12.8 லட்சம். ஆள் குறையக் குறையக் கடைப் பரப்பு கூடியது. ரிச்மண்ட் மால் 1966இலேயே இருந்தது. யூக்ளிட் ஸ்கொயர் 1977இல் வந்தது. அடுத்த ஆண்டே, வசதியானவர்கள் வாழும் பகுதியில் பீச்வுட் பிளேஸ் திறந்தது. ஒரே பர்ஸை இத்தனை மால்கள் பங்கு போட்டன.

இனி மாலின் உள்கணக்கு. கடை வாங்குபவர்கள் பலருக்கும் இது தெரிவதில்லை. மாலின் நான்கு மூலைகளிலும் நிற்கும் பெரிய கடையைத் தொழிலில் ‘ஆங்கர்’ என்பார்கள். கூட்டத்தை இழுத்துவருவது அதுதான். அதனாலேயே சதுர அடிக்கு மிகக் குறைந்த வாடகை தரும்; அமெரிக்காவில் பல ஆங்கர்களுக்குக் கட்டடமே சொந்தம். மால் உரிமையாளருக்கு வருமானம் தருபவை இடையில் உள்ள சின்னக் கடைகள். அவர்களில் விவரமானவர்கள் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை எழுதி வாங்குவார்கள்: ஆங்கர் மூடினால் முழு வாடகை கிடையாது, விற்பனையில் ஒரு சதவீதம் மட்டும், குறிப்பிட்ட மாதங்களுக்குள் மாற்றுக் கடை வராவிட்டால் காலி செய்யலாம். அதாவது வாடகையே தராத ஒரு கடை போனாலும் உரிமையாளரின் வருமானம் சரிகிறது.

ரேண்டல் பார்க்கில் ஆங்கர்கள் ஒவ்வொன்றாகப் போயின. 2001இல் ஜேசி பென்னி. 2002இல் டில்லார்ட்ஸ், அது பழைய ஹிக்பீஸ். 2008இல் மேசிஸ், அது பழைய மே கம்பெனி. 2009இல் உள் நடைக்கூடத்தையே பூட்டினார்கள். 2014இல் இடிக்கத் தொடங்கினார்கள். அந்த நிலத்தில் 2018இல் அமேசான் கிடங்கு வந்தது. கிடங்கைப் பார்த்துவிட்டு ஆன்லைன்தான் மாலைக் கொன்றது என்பவர்கள் மால் பூட்டியதற்கும் கிடங்கு வந்ததற்கும் இடையே ஒன்பது ஆண்டு இருந்ததை மறந்துவிடுகிறார்கள்.

வருமானம் குறைந்த மாலில் முதலில் கைவிடப்படுவது கூரை. மால் கூரை தட்டையானது, ஏக்கர் கணக்கில் விரிந்தது. ஏசி எந்திரங்களும் அதன் மேலேயே நிற்கும். மழைநீர்க் குழாயின் வாயில் குப்பை அடைத்தால் தண்ணீர் தேங்கும். எந்திரத்தின் அடிப்பகுதியில் சீலன்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) வெடித்த இடம் வழியாக இறங்கும். கீழே கூரைப் பலகையில் முதலில் தேநீர் நிறத்தில் ஒரு வளையம். அடுத்த மழைக்கு அதைச் சுற்றி இன்னொரு வளையம். பிறகு அந்தப் பலகையைக் கழற்றிவிட்டுத் தரையில் வாளி வைப்பார்கள். மாலைச் சுற்றிப் பார்க்கும்போது எந்தக் கடையின் அலங்காரத்தையும் பார்க்க வேண்டாம், தலையைத் தூக்கி மேலே பாருங்கள். ஒரே பலகையில் மூன்று வளையம் இருந்தால் மூன்று முறை ஒழுகியும் யாரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை.

அடுத்தது பொதுப் பராமரிப்புக் கட்டணம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காவல், விளக்கு, ஏசி, லிஃப்ட், துப்புரவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய். கடைப் பரப்பு 40,000 சதுர அடி. முழுதும் நிரம்பியிருந்தால் சதுர அடிக்கு ஆண்டுக்கு 150 ரூபாய். 300 சதுர அடிக் கடைக்கு மாதம் 3,750. பாதிக் கடைகள் காலியானாலும் லிஃப்ட் ஓடத்தான் வேண்டும். ‘நிரம்பிய பரப்புக்கு’ என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் உங்கள் பங்கு 7,500 ஆகிவிடும். ‘மொத்தப் பரப்புக்கு’ என்று எழுதியிருந்தால் மீதியை உரிமையாளர் சுமக்க வேண்டும்; சுமக்க முடியாதபோது ஏசியை நிறுத்துவார். இரண்டிலும் அடி உண்டு. ஆனால் முதலாவதில் அடி நேராக உங்கள் பையில்.

நம் ஊர்களில் இன்னொரு சிக்கல். பல இடங்களில் கட்டியவர் கடைகளைத் தனித்தனியாகக் கிரயம் செய்து விற்றுவிட்டு விலகிவிடுகிறார். எண்பது கடைக்கு எண்பது முதலாளி. எந்தத் தளத்தில் துணி, எங்கே சாப்பாடு என்று முடிவு செய்ய ஆளில்லை. கூரை போட எல்லோரிடமும் பணம் வசூலிக்க வேண்டும், பூட்டிக் கிடக்கும் கடைக்காரர் தர மாட்டார்.

எனவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பெரிய கடையின் ஒப்பந்தம் இன்னும் எத்தனை ஆண்டு என்று எழுத்தில் கேளுங்கள். அந்த ஒப்பந்தத்தில், எத்தனை ஆண்டு வரை கடைக்காரர் தானாகக் காலி செய்ய முடியாது என்ற வரியைத் தனியாகப் படியுங்கள்; ஒன்பது ஆண்டு ஒப்பந்தம் என்பார்கள், கட்டாயக் காலம் மூன்றே ஆண்டாக இருக்கும். பத்திரத்தில் கார்ப்பெட் பரப்பு, அதாவது கடைச் சுவர்களுக்குள் உண்மையில் பயன்படும் இடம், எவ்வளவு என்று பாருங்கள். விலை சூப்பர் பில்ட்-அப் பரப்புக்கும் (நடைக்கூடம், படிக்கட்டு போன்ற பொது இடத்தின் பங்கையும் சேர்த்தது) வாடகை கார்ப்பெட் பரப்புக்கும் இருந்தால் நீங்கள் போட்ட கணக்கு தப்பு. கூரைக்கும் எந்திரங்களுக்கும் தனி நிதி இருக்கிறதா, அது எந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

மூன்று ஆண்டுக்கு ‘உறுதி வாடகை’ தருகிறோம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பெரும்பாலும் அந்தப் பணம் கடை விலையிலேயே ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். அதே கட்டடத்தில் வெளியாள் இன்று உண்மையில் தரும் வாடகையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்து, அந்தத் தொகையில் உங்கள் வங்கித் தவணையை அடைக்க முடியுமா என்று பாருங்கள். விசாரிக்கப் போவதைச் செவ்வாய் மதியம் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலைக் கூட்டம் எல்லா மாலிலும் இருக்கும்.